புதன்கிழமைக்காக ஒரு டிரங்க் கால்

12.3.1984, திங்கள்

அசதியாக இருக்கிறது. கல்யாணமான நாலு வருஷமாக நாங்கள் குழந்தைக்கான நாளைத் தப்பாக எண்ணியிருக்கிறோம். தீட்டான முதல் நாளிலிருந்து பதினாலாம் நாள் என்றுதான் கேள்விப்பட்டிருந்தோம். நான் குறித்துவைத்த தேதிகளைப் பார்த்த தர்மபுரி டாக்டரம்மா இன்று சொன்னார்: "அடுத்த தீட்டுக்குப் பதினாலு நாள் முன்னாடிதான் முட்டை வெளிய வரும்மா. உனக்கு முப்பத்தஞ்சு நாளைக்கு ஒருக்கா ஆவுது. அப்ப சுமாரா இருபத்தோராம் நாள். அதுக்கு முந்தின ரெண்டு நாளும் முக்கியம்."

அப்படிப் பார்த்தால் இந்த வியாழன். அவரோ ஓசூர் கம்பெனியில் இருக்கிறார். மாதம் இரண்டு ஞாயிறுதான் வருவார்.

பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் இறங்கியதும் தபாலாபீசில் டிரங்க் கால் போட்டேன். பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள்.

"புதன்கிழமை வந்துடுங்க."

"யாருக்கு என்னாச்சு?" என்று பதறினார்.

"டாக்டரம்மா நாள் சொல்லியிருக்காங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

"லீவுக்கு என்னன்னு சொல்றது?"

"அத்தைக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்லுங்க."

"கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

நல்லாயிருக்கும் மாமியாரை நோயாளியாக்கியது உறுத்தியது. வீட்டுக்கு வந்து அத்தையிடமே சொல்லிவிட்டேன். அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை.

"யாராச்சும் கேட்டா நான் வூட்டுல படுத்துக்கெடக்கறேன்னு சொல்லிடு" என்றார். பிறகு, "எனக்கும் ஆறு வருசம் கழிச்சுதான் அவன் பொறந்தான்."

நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட இதை என்னிடம் சொன்னதில்லை. ஏன் என்று கேட்கவும் எனக்குத் தெம்பில்லை. லீவு கிடைத்ததா என்று நாளைதான் தெரியும்.