இனி யார் ‘ஹரி, போடு’ என்பது?

இன்று காலை பீலித் தண்ணீரில் துணி துவைக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா எலுமிச்சை வாசச் சவுக்காரம் ஒன்றைப் பிரித்தார். அவ்வளவுதான், துணியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை அப்பிக்கொண்டு காட்டுக்குள் போவாயே, அதே வாசம்.

“ஒனக்கென்னடி, இஸ்தோப்புல குந்திக்கிட்டே வேல பாக்குற, குடுத்து வச்சவ” என்று கேலி செய்வாய். உண்மைதான். நீ றக்வானைப் பக்கத்துக் காட்டில் அட்டை பிடித்தாய். நான் புளத்கொகுபிட்டியவில், எங்கள் லயத்து வீட்டின் முன் திண்ணையில், அதுதான் இஸ்தோப்பில், லெப்டாப்பை வைத்துக்கொண்டு, நீயும் உன் பேராசிரியரும் செய்த ஆராய்ச்சியைப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பினேன். அட்டை குடித்த இரத்தத்தைச் சோதித்தால் அந்தக் காட்டில் எந்த மிருகம் நடமாடுகிறது என்று தெரியும். இதை என் மண்டையில் ஏற்ற நீ பட்ட பாடு கொஞ்சமா?

முதல் செய்தி ஞாபகமிருக்கிறதா? ‘தோட்டப்புற அட்டைகள் பற்றி ஆய்வு’ என்று எழுதி அனுப்பினேன். கொழும்பில் யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு அடையாள அட்டைப் படத்தைப் போட்டுவிட்டான். மறுநாள் நீ போனில் கத்தினாய்: “ஏன்டி, நான் ரத்தம் குடிக்கிற அட்டைய தேடிப் போனா, வாசல்ல சனம் ஐடென்டிட்டி கேட்டு நிக்குதுடி! என்னா பதில் சொல்ல?” சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பிறகு செய்திகள் சரியாகத்தான் வந்தன. அவற்றைப் படித்துவிட்டு உன் வாசலுக்கு ஒருத்தரும் வரவில்லை. நாம் யாருக்காக எழுதுகிறோம் என்று எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

செய்தி என்றால் ‘அவர் கூறினார்’ என்று இரண்டு வரி வேண்டும். உனக்கு நேரமிருக்காது, நானே எழுதி அனுப்புவேன். பிடித்தால், ‘சரி’யைச் சிங்களத்தில் சொல்லி, “ஹரி, போடு” என்பாய். பிடிக்காவிட்டால், “சீ, நான் இப்புடியா பேசுவேன்? மாத்துடி.” நம் வேலையே அப்படித்தான் ஓடியது.

பாவி, ஒரு காய்ச்சலில் போய்விட்டாய். உங்கள் ஆய்வு இப்போதுதான் வெளியாகிறது. அந்த அட்டைகளுக்குள் அழுங்கின் இரத்தம், அங்கே பல காலமாக யார் கண்ணிலும் படாத, செதில் போர்த்த எறும்புதின்னி. பத்திரிகைத் தம்பி போனில் சொன்னான்: “அவங்க சொன்னதா ரெண்டு வரி தாங்கக்கா. இல்லாட்டி பேராசிரியர் பேர மட்டும் போட்டுர்றேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழையில் நனைந்து அட்டை பிடித்தவள் நீ. உன் பேர் இல்லாமல் ஒரு செய்தியா? உட்கார்ந்து எழுதினேன். ‘எமது காடுகள் எமது செல்வம் என அவர் கூறினார்.’ அழித்தேன். ‘கூறுகிறார்’ என்று எழுதினேன். அதையும் அழித்தேன். எதை எழுதினாலும் ஹரி சொல்ல நீ இல்லை. உன் மேலேயே கோபம் வந்தது. இப்படியா பாதியில் விட்டுவிட்டுப் போவாய்?

கடைசியில் போனில் கிடந்த உன் குரல் பதிவுகளைக் கேட்டேன். பாதி கிண்டல், பாதி திட்டு. ஒன்றில் மட்டும், அழுங்கு அங்கே இருக்கிறதென்று எழுதவா என நான் கேட்டதற்கு, மேடு ஏறியபடியே மூச்சு வாங்கச் சொல்லியிருந்தாய்: “ரத்தம் கெடச்சிருக்கு. அது இன்னும் உசுரோட இருக்கான்னு எனக்குத் தெரியாதுடி. தெரியாதுன்னே எழுது.”

அதையே அனுப்பினேன். “தெரியாதுன்னா எப்புடிக்கா போடுறது?” என்றான் தம்பி. சண்டை பிடித்தேன். உள்பக்கத்து மூலையில் சின்னதாக வந்தது, உன் பேரோடு.

அன்று பின்னேரம் உன் அம்மா கூப்பிட்டார். யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். “பிள்ள, இது எம்மக வாயால சொன்னதா, இல்ல நீ எழுதிக் குடுக்குறியே, அதா?” என்றார். அடிப்பாவி, அம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறாய்!

“அவ சொன்னதுதாம்மா. குரலே இருக்கு.”

“அப்ப போடு, கேப்போம்.”

பதிவை லெப்டாப்புக்கு மாற்றிப் போட்டு, போனைப் பக்கத்தில் பிடித்தேன். முடிந்ததும், “இன்னொருக்கா” என்றார். அழுகிறாரா, சிரிக்கிறாரா, தெரியவில்லை. அன்றிலிருந்து தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த கையோடு கூப்பிடுகிறார், நானும் போடுகிறேன். நேற்றுக் கேட்டேன், அந்தப் பதிவை உங்கள் போனுக்கே அனுப்பிவிடட்டுமா என்று.

“வேணாம் பிள்ள, ஒங்கிட்டயே இருக்கட்டும். எனக்கு அனுப்பிட்டா, அப்பறம் நான் என்னா சாக்குல ஒனக்குப் போன் பண்றது?”