அடுத்த வீட்டுக் கார்

1946 செப்டெம்பர் 25, புதன்.

நேற்று மத்தியானம் அடுத்த வீட்டுப் பரீதாவுக்குப் பிரசவ வலி. அவள் கணவரும் அவர்கள் டிரைவர் பியதாசவும் வெளியே போயிருந்தார்கள். என் கார் பழுதாகிக் கராஜில். அவளே சாவியைத் தந்தாள். அவர்கள் காரை நான் ஓட்டினேன். கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஒரு ரிக்‌ஷாவை இடித்துவிட்டேன். இழுத்தவருக்குக் கால் முறிந்தது. பரீதாவுக்கு ஆண் பிள்ளை.

இன்று இன்சூரன்ஸ் ஏஜென்ட் என் பொலிசியை வாசித்தார். "டீச்சர், நீங்கள் வேற ஆக்களின்ட காரை ஓடினாலும் காயப்பட்டவருக்கு இது காசு குடுக்கும். ஆனா சொந்தக்காரர் சம்மதிச்சிருக்க வேணும்."

மாலையில் பரீதாவின் கணவர் வந்தார். "பியதாச ஓட்டினதெண்டு சொல்லுவோம். என்ட பொலிசி குடுக்கும். உங்களுக்குக் கரைச்சல் இல்ல."

பியதாசவின் லைசென்ஸ் போனால் அவருக்குச் சோறு ஏது?

"நான்தான் ஓடினனான்," என்றேன். "உங்கட மனுசிக்குச் சாவி குடுக்க உரிமை இருக்கெண்டு மட்டும் எழுதித் தாங்கோ."

தயங்கித் தயங்கி எழுதித் தந்தார். கம்பெனி ஏற்குமோ தெரியாது. ஏற்காவிட்டால் என் காரை விற்பேன்.

காலையில் பொலிஸுக்குப் போகிறேன். அதற்கு முன் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போக வேண்டும். அந்த மனிதரின் பெயரைக்கூட நான் இன்னும் கேட்கவில்லை.