நாலாம் அறையின் எண்ணிக்கைத் தாள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அந்த ஊர்க் குளிருக்கு உடம்பைப் பழக்கிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். போன இரண்டு கடிதங்களிலும் இதே வரியைத்தான் எழுதினேன், அப்போது அது பாதிப் பொய், இப்போது முழு நிஜம். உன் அத்தை முந்தாநாள் நம் வீட்டுக்கு வந்தாள். போனில் சொன்னால் நீ பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி.

அத்தை நகரமன்றத் தேர்தலில் நின்று தோற்றது உனக்குத் தெரியும், தோற்ற விதத்தை நாங்கள் உனக்குச் சொல்லவில்லை. நம் வார்டுக்கு நாலு வாக்குச்சாவடி அறைகள். முதல் மூன்று அறைகளையும் சேர்த்தால் அவள் வெறும் இருபத்திரண்டு ஓட்டுத்தான் பின்னால். நம் தெரு மட்டும் ஓட்டுப் போட்ட நாலாம் அறையில் அவளுக்கு நாற்பத்தொன்று, எதிர்த்து நின்ற ஒப்பந்தக்காரருக்கு நூற்று முப்பத்தொன்பது என்று மன்றத்தின் பலகையில் ஒட்டினார்கள். ஓயாமல் பேசுவதால் ஊரே ரேடியோ என்று கூப்பிடுமே, அவர்தான். மொத்தத்தில் நூற்றிருபது ஓட்டில் தோல்வி. சாக்கடைக்காக நம் தெரு சார்பில் இத்தனை வருடம் மன்றத்தில் சண்டை போட்டவள் அந்தப் பலகை முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். தோற்றதைவிட, என் தெருவே என்னைக் கைகழுவிடுச்சே என்பதுதான் அவளுக்கு வருத்தம். உன் அப்பாவிடம், நீ யாருக்குடா போட்டே என்று கேட்டாள். வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. அன்றோடு தம்பியிடம் பேச்சை நிறுத்தினாள். தையல் கடையில் வெட்டி வைத்திருந்த நம் தெருப் பிள்ளைகளின் சீருடைத் துணிகளைக்கூட, வேற யாருகிட்டயாவது தைச்சுக்கோங்க என்று வெட்டின துண்டுகளாகவே திருப்பிக் கொடுத்துவிட்டாள். உன் அப்பா சோற்றை அளைந்துவிட்டு எழுந்துபோவார், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு வாய் கிடையாது, உனக்கே தெரியும், ஆனால் கண் இருக்கிறது. ஓட்டுப் போட அன்று வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன், முன்னும் பின்னும் நின்றவர்கள் முகத்தை எல்லாம் பார்த்தேன். இவர்கள் அவளுக்குப் போடவில்லை என்று சொன்னால் என்னால் நம்ப முடியவில்லை. எண்ணியபோது கூட இருந்து பார்த்தவர்கள் யார் என்று விசாரித்தால், யாருமே இல்லை. நம்ம தெருவுக்கு எதுக்கு காவல் என்று அத்தை தன் ஆட்களை மற்ற மூன்று அறைகளுக்கு அனுப்பிவிட்டாள், அந்தத் தெரு நமக்குத் தேறாது என்று ரேடியோவும் அங்கே ஆள் போடவில்லை. மன்றத்தில் உள்ள எந்தத் தாளையும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று தகவல் சட்டத்தைப் பற்றி நூலகச் சுவரில் ஒட்டியிருப்பதை நான் பலமுறை படித்திருக்கிறேன். முடிவை எதிர்த்து முறையிட நாற்பத்தைந்து நாள்தான் அவகாசம் என்பதையும் அங்கேதான் படித்தேன். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு தபாலில் படித்து வாங்கிய பட்டம் பீரோவில் கிடக்கிறதே, அதை வாங்கிய பிறகு நான் எழுதிய முதல் விண்ணப்பம், தேர்தல் தாள்களைக் கேட்டு மன்றத்துக்குக் கொடுத்ததுதான். ஏதோ ஆபீஸுக்கு அலைகிறேன் என்று போனில் சொன்னபோது உனக்கெதுக்கும்மா வம்பு என்றாய், அதனால் மேலே வாயைத் திறக்கவில்லை.

முதல் தடவை கோட்டை விட்டேன். தேர்தல் சம்பந்தப்பட்ட எல்லா விவரங்களும் வேண்டும் என்று எழுதினேன். கேட்டது தெளிவாக இல்லை என்று பதினெட்டாம் நாள் பதில் வந்தது. மன்ற ஆபீஸில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர், ஓட்டெல்லாம் ரகசியம்மா, வீட்ல வேலை இல்லையா உங்களுக்கு என்றார். எனக்குக் காது சுட்டது. வீட்டுக்கு வந்து யோசித்தேன், ஓட்டுத்தானே ரகசியம், எண்ணிக்கை ரகசியம் இல்லையே. மறுநாள் அதே ஜன்னலில் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன், நாலாம் அறையில் எண்ணி முடித்ததும் பொறுப்பாளர் கையெழுத்திட்ட தாளை நேரில் பார்க்கவும் நகல் பெறவும் வேண்டும் என்று. வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வைத்துத் தரும்வரை நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஆனால் நின்றேன்.

முடிவு வந்த நாற்பதாம் நாள் கூப்பிட்டார்கள். ஒரு நீள மேசை, ஃபைல்களுக்கு மேல் மின்விசிறி, எதிரில் அந்த ஜன்னல்காரரே. மற்ற மூன்று அறைகளின் தாள்கள் அச்சடித்த படிவங்கள், சீட்டுக் குலுக்கிப் போட்ட வரிசைப்படி அத்தை பெயர் மேலே, ரேடியோ பெயர் கீழே. நாலாவது மட்டும் கோடு போட்ட வெள்ளைத் தாள். அங்கே படிவம் போய்ச் சேரவில்லையாம். பொறுப்பாளராக இருந்த பள்ளிக்கூட டீச்சர் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, வருகைப் பதிவேடு எழுதுகிற பழக்கத்தில் பெயர்களை அகர வரிசையில் எழுதிவிட்டார். அதில் ரேடியோவின் சொந்தப் பெயர் மேலே வந்துவிட்டது, நாற்பத்தொன்று. அத்தை கீழே, நூற்று முப்பத்தொன்பது. மன்றத்தில் கணக்குக் கூட்டியவர் பெயரைப் படிக்காமல் மேல் வரி அத்தை, கீழ் வரி ரேடியோ என்று ஏற்றிவிட்டார். நான் விரலை வைத்துக் காட்டினேன். ஜன்னல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அப்புறம் நான் கேட்காமலே எனக்கு நாற்காலி போட்டு, நகலுக்கு அவரே ஓடினார்.

அந்த நகலை அத்தையின் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு, பார்த்துட்டு கையெழுத்துப் போடுங்க அண்ணி, முறையிட இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு என்றேன். அவள் அந்த எண்ணைப் படித்தாள், திரும்பப் படித்தாள், கழுத்தில் கிடந்த அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாளே முறையீடு கொடுத்தோம். போன திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் பெயரைப் படித்துப் படித்துத் திரும்பக் கூட்டினார்கள். எழுபத்தாறு ஓட்டு வித்தியாசத்தில் உன் அத்தை வென்றாள். ரேடியோ அவளிடம் வந்து, எனக்கும் சந்தேகம்தான்க்கா, அந்தத் தெருவுல என் மாமியார் வீடே எனக்குப் போடாது, நூத்து முப்பத்தொம்போது எங்கேருந்து வந்துச்சுன்னு நானும் முழிச்சேன் என்றார். அப்போ ஏன்யா வாயைத் திறக்கலை என்று அத்தை கேட்டாள். அன்று ஒருநாள்தான் ரேடியோ பேசாமல் நின்றதை ஊர் பார்த்தது.

முந்தாநாள் காலை அத்தை நேராக நம் வீட்டுக்குள் வந்து, உன் அப்பா தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, நீ அந்த நூத்து முப்பத்தொம்போதுல ஒருத்தன்தானேடா என்றாள். அது ரகசியம்க்கா என்றார் அவர். முதுகில் ஓர் அடி விழுந்தது, இரண்டு மாதம் கழித்து அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார். இப்போது அவள் தெருவில் வீடு வீடாகப் போய், தப்பா நினைச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க என்று சொல்லி, சீருடைத் துணிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருகிறாள். போடாத நாற்பத்தொரு பேரிடமும் எதுக்கு அண்ணி மன்னிப்பு என்று கேட்டேன். யார் போட்டாங்க யார் போடலைன்னு எந்தச் சட்டத்துலயும் கேட்க முடியாதே, அதனால எல்லார்கிட்டயும் கேட்டுடறேன் என்றாள். எதிர்வரிசை முடிந்தது, இன்று நம் வரிசை.

நீ குறைவில்லாமல் இரு, நினைத்தது கைகூடி நிமிர்ந்து வாழ அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். மறக்காமல் அத்தைக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொல், சாக்கடையைப் பற்றி அவள் அரை மணி நேரம் பேசுவாள், வைத்துவிடாமல் கேள்.

இப்படிக்கு,
வம்புக்குப் போய் வந்த உன் அம்மா