உயிரோடிருப்பவனுக்கு ஓர் இரங்கற்பா

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உயிரோடும் சுகமாகவும் இருக்கிறோம். உயிரோடு என்று தனியாகச் சொல்லவேண்டிய நிலைமைக்குக் கொண்டுவந்தவன் நீதான். நீ அங்கே சுகமென்று நம்புகிறேன்.

போன வாரம் ஒரு தையல்காரர், பத்து வருஷமாக என் கடையில் மூக்குக்கண்ணாடி போடுகிறவர், துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்தார். நானே கதவைத் திறந்ததும் மனிதர் படியிறங்கி ஓடப் பார்த்தார். கையில் பத்திரிகை, அதில் உன் பெயர் போட்டு, தந்தைக்கு ஓர் இரங்கற்பா. அம்மா போன் செய்து கேட்டதற்கு, அது கற்பனைம்மா, இழந்துட்ட எதுக்கும் இரங்கற்பா எழுதலாம் என்றாயாம். எனக்குப் படிப்பு போதாது, மாடி வீட்டுத் தமிழாசிரியையிடம் போய்க் கேட்டேன். செத்தவங்களை நினைச்சு இருக்கறவங்க பாடறதுங்க, இழந்துபோன ஊருக்கு, நட்புக்குன்னு எழுதறவங்களும் உண்டு, ஆனா அப்பாவுக்குன்னு தலைப்பு வெச்சா அப்பா இல்லைன்னுதான் படிக்கறவங்க நினைப்பாங்க என்றார். யாருங்க தவறிட்டாங்க என்று மெதுவாகக் கேட்டார். நான்தான் என்றேன், பாவம், அவருக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கவிதையில் என் கை உளி பிடித்து உரமேறிய கையாம். என் வாழ்நாளில் உளியைத் தொட்டதில்லையடா, பிரேமுக்குத் திருகாணி முடுக்குகிறவன் நான், உன் படிப்பெல்லாம் அந்தத் திருகாணியில் வந்தது. அது கூடப் போகட்டும். கடைசியில், உன் உழைப்பை எள்ளிய என் நாவை மன்னித்துவிடு தந்தையே என்று எழுதியிருக்கிறாய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடை நிறைய ஆள் இருக்கும்போது, இந்த மூலையில உக்காந்தே வாழ்க்கையை வீணாக்கிட்டீங்க என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதுதானே? அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. அந்த வரியை மூன்று தடவை படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஊரெல்லாம் படிக்க அச்சில் போட முடிந்தது, என்னிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

உன் தங்கச்சி பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கிறது, எல்லோரையும் கடிக்கிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நேரத்துக்குச் சாப்பிடு, மங்கின வெளிச்சத்தில் படிக்காதே, கண் போய்விடும். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பேன். அம்மா போனை எடுத்தால் அப்பாவிடம் கொடு என்று சொல். செத்தவனால் யாரையும் மன்னிக்க முடியாதடா.

இப்படிக்கு,
உன் அப்பா