பச்சைச் சேலைக்காரிக்கு ஒரு தம்ளர் தண்ணீர்

மதினி,

இன்று அந்த வி.ஆர். கண்ணாடியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து என் தலையில் மாட்டினார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதுமே உங்கள் மேல் கோபம் வந்துவிட்டது. போய்ச் சேர்ந்தவர் மேல் என்ன கோபம் என்று கேட்காதீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

தேனியில் அதே பிசியோதெரபி அறைதான். அப்போது வாதத்தில் விழுந்த உங்கள் இடது கைக்காக வந்தோம். இப்போது என் இடது தோள் இறுகிக் கிடக்கிறது. கண்ணாடியை மாட்டினால் ஓர் அடுக்களை தெரியும். பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் கை நீட்டி நிற்பாள். இடது கையால் தம்ளரை எடுத்து அவளிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. அவள் கம்ப்யூட்டர் செய்த பொம்மை என்று பிசியோ தம்பி எத்தனை தடவை சொன்னார்! நீங்கள் பார்த்ததெல்லாம் பக்கத்து டிவியில் எனக்கும் தெரிந்தது. முதல் நாளே வலது கையால் கொடுத்தீர்கள்.

“மதினி, இடது கைக்குத்தான வைத்தியம்?”

“அதுக்காக? ஒரு பொம்பளப் பிள்ளைக்குப் பீச்சாங்கையிலயா தண்ணி குடுப்பாக?”

“அது ஆளே இல்ல மதினி!”

“மெதுவாப் பேசு. அது காதுல விழப்போகுது.”

தலையில் அடித்துக்கொண்டேன். அதோடு விட்டீர்களா? அவள் குறுக்கே வந்தால் ஒதுங்கி வழிவிட்டீர்கள். “சாப்பிட்டியாத்தா?” என்று விசாரித்தீர்கள். அவளுக்கோ “மிக நன்றாகச் செய்கிறீர்கள்” என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. “பதிலே சொல்லல, பட்டினி போல” என்று சின்னமனூர் வந்து சேரும்வரை பஸ்ஸில் ஒரே புலம்பல். உங்களோடு நாயாய் அலைந்த நான் சாப்பிட்டேனா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்ணன் போன பிறகு வீட்டில் நாம் இருவர்தான். கை வராவிட்டால் உங்கள் சேலைக் கொசுவத்தை நான்தான் பிடிக்க வேண்டும். அது உங்களுக்கு ஆகாது. ஒவ்வொரு காலையும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் என்னைக் கட்ட விட்டீர்கள். அந்தக் கூச்சம் தொலையட்டும் என்றுதான் அங்கே அவ்வளவு கத்தினேன்.

கடைசியில் நீங்களே ஒரு வழி கண்டீர்கள். “ரெண்டு கையாலயும் குடுத்தா மரியாததான?” வலது கை தம்ளரைப் பிடிக்க, இடது கை நடுங்கி நடுங்கி அடியில் போய்ச் சேர்ந்தது. நான் கத்தியும் அசையாத கை, ஒரு பொம்மைக்கு மரியாதை குறையக் கூடாதென்று எழுந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

சில மாதம் கழித்து ஒரு காலையில், கொசுவம் ஏறுக்குமாறாய், நீங்களே கட்டிய சேலையோடு வந்து நின்றீர்கள்.

“எப்படி இருக்கு?”

“கண்றாவியா இருக்கு.”

அன்று சிரித்த சிரிப்பு! அந்த மழைக்காலத்திலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். கடைசிச் சேலையை நான்தான் கட்டினேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

இன்று அதே பச்சைச் சேலைக்காரி, அதே சிரிப்பு. அவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. எரிச்சலோடு இடது கையால் தம்ளரை எடுத்தேன். பாதி வழியில் என் வலது கையும் தானாக வந்து சேர்ந்துகொண்டது.

“ஒரு கை போதும்மா. அது ஆளில்ல” என்றார் பிசியோ தம்பி, அலுப்போடு.

“தெரியும் தம்பி. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.”