அறைக்குள் கேட்ட ஆண் குரல்

மருமகள் காயத்ரிக்கு,

நேற்று கூடத்தில் நானும், உன் அத்தை ராஜாமணியும், திண்டிவனத்திலிருந்து வந்திருந்த என் தங்கை அம்பிகாவும் இருந்தோம். உன் அறைக்குள் ஓர் ஆண் குரல், “புரிஞ்சுதா?” என்றது. நீ, “புரிஞ்சுதுங்க சார்” என்றாய்.

“கதவ சாத்திக்கினு எவன்கிட்டயோ பேசிக்கினு இருக்கா, பாருண்ணே!” என்றாள் அம்பிகா.

மானம் போயிற்றென்று கதவைத் தட்டினேன். கைபேசியில் ஒரு பேராசிரியர் அரசியலமைப்புச் சட்டம் நடத்திக்கொண்டிருந்தார். எப்போதோ பதிவு செய்து இணையத்தில் இலவசமாகப் போட்ட பாடம். அதற்குப் போய் யாரம்மா பதில் சொல்வார்கள்? எனக்குப் போன உயிர் திரும்பியது.

கோபத்தில் நீ இராத்திரி சாப்பிடவில்லை. கேப்பைக் களியும் மல்லாட்டைத் துவையலும் மூடி வைத்திருக்கிறோம். சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டே படி. யாரும் தட்ட மாட்டார்கள்.

நான் திண்டிவனம் போகிறேன்.

மாமா

பி.கு.: நேற்றே ஊர் திரும்பிய அம்பிகா, நீ எவனுடனோ ஓடப் போவதாக அங்கே சொல்லியிருக்கிறாளாம். பொய். நீ வெள்ளிக்கிழமை அரசியலமைப்புச் சட்டத் தேர்வுக்குப் போகிறாய்.