முந்திக் கொடுத்த நேர்ச்சை

1917 ஏப்ரல் 9, திங்கள். ஜோகூர் பாரு.

பஸ்ராவுக்குக் கப்பல் வேலைக்குப் போன மகன் போர் முடிந்து திரும்பினால் பாத்திஹா ஓதிச் சீனி கொடுப்பதாக நேர்ந்திருந்தேன். அமெரிக்காவும் போரில் இறங்கிவிட்டதாம். இனி முடிந்த மாதிரிதான் என்று இன்றே தேநீர்க் கடையில் ஓதிக் கொடுத்துவிட்டேன். புத்தி கெட்டவன்.

அரண்மனை பேண்டில் எக்காளம் ஊதும் மணிலாக்காரர் மட்டும் கை நீட்டவில்லை. இத்தனை வருடத்தில் நம் தமிழ் அவருக்குப் பழகிவிட்டது.

"விடுதலை தர்றோம்னுதான் அமெரிக்காக்காரங்க எங்க ஊருக்கும் வந்தாங்க, பாய். எங்கண்ணன் ஓடிப்போய் வரவேற்றாரு. அடுத்த வருஷமே அவங்க துப்பாக்கியில செத்தாரு. பத்தொன்பது வருஷமாச்சு, இன்னும் போகலை. இவங்க வந்தா சண்டை முடியும்னு யாரு சொன்னது?"



மகனிடமிருந்து கடிதம் வந்து ஐந்து மாதம். அவன் வந்தபின் ஓத வேண்டியதை ஓதி முடித்துவிட்டேன். இனி எதை நேர்ந்து அல்லாஹ்விடம் அவனைக் கேட்பேன்?